பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டுகிறீர்களா? ‘வரம்புக்குள்’ என்ற அறிக்கைக்குப் பிறகு பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். பல பத்தாண்டுகள் உலோகங்களுக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறையும், அதை ஒட்டி ஒரு எரிபொருள் கிடங்கும் இயங்கிய இடம். இப்போது காலியாகக் கிடக்கிறது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. ஆலோசகர் 14 இடங்களில் மண் எடுத்துச் சோதித்து, எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டார். வேலையைத் தொடங்கலாமா, இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

தொடங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஆலோசகரைக் குறை சொல்ல வரவில்லை. நிலம் இன்று சும்மா கிடக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை அவர் பார்த்திருக்கிறார். நீங்களோ அதைத் தோண்டப் போகிறீர்கள், துளைக்கப் போகிறீர்கள், நீரை இறைக்கப் போகிறீர்கள், கடைசியில் மேலே குழந்தைகளைக் குடிவைக்கப் போகிறீர்கள். இத்தனையும் நடந்த பிறகு அதே நிலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த அறிக்கையில் பதில் இருக்காது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த நஞ்சு மனிதர்களிடம் வந்து சேர்வது, பெரும்பாலும் கட்டுமானம் திறந்துவிட்ட வழியாகத்தான்.

இத்துறையில் எந்த நாட்டுக்குப் போனாலும் மூன்று சொற்களை வைத்துத்தான் யோசிப்பார்கள்: மூலம், வழி, பெறுபவர். நஞ்சு எங்கே இருக்கிறது, எதன் வழியாக நகரும், யாரைப் போய்ச் சேரும். மூன்றும் ஒரு கோட்டில் இணைந்தால்தான் ஆபத்து. நடுவில் எங்காவது அறுத்துவிட்டால் போதும். நிலத்தில் ஒரு மில்லிகிராம் கூட இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இணைப்புகளை எல்லாம் ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரைந்து வைப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 21365 என்ற சர்வதேசத் தரநிலை 2019இல் வந்திருக்கிறது. ஆலோசகரிடம் முதலில் அந்தப் படத்தைக் கேளுங்கள். இன்றைய நிலைக்கு ஒன்று, கட்டுமான காலத்துக்கு ஒன்று, ஆட்கள் குடியேறிய பிறகு ஒன்று என மூன்று படங்கள் வேண்டும். முதல் படத்தோடு நிற்கும் அறிக்கைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த 14 மாதிரிகளுக்கு வருவோம். ‘வரம்புக்குள்’ என்றால் எந்த வரம்பு? தொழிற்சாலை நிலத்துக்கும் குடியிருப்புக்கும் அளவுகள் வேறு வேறு. ஆலையில் பெரியவர்கள் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் குழந்தை தரையில் தவழும், மண்ணில் விளையாடிய கையை அப்படியே வாயில் வைக்கும். ஈயத்துக்கு இது மிக முக்கியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு 1994 முதல் கிலோவுக்கு 400 மி.கி. என்று வைத்திருந்த சோதனை அளவை 2024 ஜனவரியில் 200ஆகக் குறைத்தது. முந்தைய ஆண்டு ‘சுத்தம்’ என்று சான்று பெற்ற நிலம் மறு ஆண்டு கேள்விக்குள்ளாகும் என்பதற்கு அது ஒரு உதாரணம். எந்த நாட்டின், எந்தப் பயன்பாட்டுக்கான, எந்த ஆண்டின் அளவோடு ஒப்பிட்டார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 14 இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? கட்டம் போட்டுச் சம தூரத்தில் எடுத்திருந்தால், ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு கழிவுக்குழி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பத்திரமாக ஒளிந்திருக்கும். முலாம் பட்டறையில் அமிலத் தொட்டி நின்ற இடம், வடிகால் வளைவு, கழிவு சேர்ந்த குழி, பீப்பாய் அடுக்கிய மூலை ஆகிய இடங்களில்தான் விஷயம் இருக்கும். இவை எங்கே இருந்தன என்பது பழைய கட்டட வரைபடத்தில் கிடைக்கலாம், பழைய வான்வழிப் படங்களில் கிடைக்கலாம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசினால், ‘பின்பக்கச் சுவர் ஓரமா ஒரு குழி இருந்துச்சு, எல்லாத்தையும் அதுலதான் ஊத்துவோம்’ என்று எந்த ஆவணத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்வார். இந்த வேலையில் இதைவிட மலிவான ஆய்வு கிடையாது.

மாதிரி எடுத்த விதத்தையும் விசாரியுங்கள். நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், மோசமான மண் நல்ல மண்ணோடு கலந்து எண் இறங்கிவிடும். பென்சீன் போல எளிதில் ஆவியாகும் பொருளைச் சாதாரணப் பையில் அள்ளி வெயிலில் வைத்திருந்தால், ஆய்வகம் போவதற்குள் பாதி பறந்துவிடும்; அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும். அது உண்மைதான், பையில் இல்லைதான். இத்தகைய பொருள்களுக்கான மாதிரியை உடனே மூடி, குளிர்ச்சியில் வைத்து அனுப்ப வேண்டும்.

எதைச் சோதித்தார்கள் என்பதும் இடத்தின் வரலாற்றோடு பொருந்த வேண்டும். உங்கள் இடத்தில் குரோமியத்தை மொத்தமாக அளந்தால் போதாது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தனியாக அளக்க வேண்டும். நீரில் எளிதில் கரைந்து ஓடுவதும் புற்றுநோய் தருவதும் அதுதான். மூன்று இணைதிறன் வடிவம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் நகராமல் கிடக்கும். முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தியிருப்பார்கள். சயனைடு கரைசல்களும் இருந்திருக்கலாம். பலர் மறப்பது இன்னொன்று: குரோமியத் தொட்டியிலிருந்து எழும் அமிலப் புகையை அடக்க, பிஎஃப்ஏஎஸ் குடும்பத்து வேதிப்பொருளைத் தொட்டியில் கலப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. இயற்கையில் கிட்டத்தட்ட அழியாத சாதி அது. எரிபொருள் கிடங்கு பக்கம் பென்சீன், டீசல் வகைகள், பழைய பெட்ரோலில் இருந்த ஈயம். இவற்றில் எத்தனை உங்கள் அறிக்கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மண்ணோடு முடிந்துவிடவில்லை. நிலத்தடி நீரும் மண்ணிடுக்குக் காற்றும் பார்க்கப்பட்டனவா? நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது வேண்டும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட லேசானவை. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கரைப்பான்கள் நேர்மாறு. பெர்குளோரோஎத்திலீன் நீரைப்போல் சுமார் 1.6 மடங்கு கனம். நீர்மட்டத்தையும் தாண்டி மூழ்கி, கீழே களிமண் அடுக்கு வந்ததும் அதன் மேல் குட்டையாகத் தேங்கும். மேல் இரண்டு மீட்டர் மண்ணை மட்டும் எடுத்தவருக்கு அது கண்ணில் படவே படாது.

இப்போது கட்டுமானத்துக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கட்டம்தான்.

அடுக்குமாடி என்றால் பைல் அடித்தளம் இருக்கும், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள். கரைப்பான் தேங்கி நிற்கும் களிமண் அடுக்கைப் பைல் துளைத்துக்கொண்டு போனால், இத்தனை காலம் தட்டுப்போலத் தாங்கிய அடுக்கில் ஓட்டை விழுகிறது. கீழே இருக்கும் நல்ல நீருக்கு நஞ்சு இறங்கும் வழியை நீங்களே அமைத்துக் கொடுத்ததாகிவிடும். ஆய்வுக்காகப் போடும் ஆழ்துளையே கூட இதைச் செய்துவிடும். அதனால் எந்த வகைப் பைல், எந்த ஆழம், துளையின் ஓரத்தை எப்படி அடைப்பது என்று அடித்தள வடிவமைப்பாளரும் மாசு ஆலோசகரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அடித்தளக் குழி காய்ந்திருக்க வேண்டும் என்று நிலத்தடி நீரை இறைப்பீர்கள். நீர்மட்டம் இறங்கினால் சுற்றுப்புற நீர் உங்கள் குழியை நோக்கி ஓடிவரும். அடுத்த மனையில் கசிந்து கிடந்த மாசும் கூடவே வரலாம். பிறகு அது யாருடைய மாசு என்று நிரூபிக்க முடியாமல் இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும். இறைத்த நீரை எங்கே விடப் போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. சோதிக்காமல் மழைநீர் வடிகாலில் விட்டால், ஒரே இடத்தில் கிடந்த குரோமியம் ஊர் முழுக்கப் போய்ச்சேரும்.

தூசியையும் சேற்றையும் பலரும் அக்கம்பக்கத்தாரின் முணுமுணுப்பாகவே நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்பி நகரில் மூடப்பட்ட பெரிய எஃகு ஆலையின் நிலத்தை 1980களிலும் 90களிலும் நகர மன்றம் சீரமைத்தது. நச்சுச் சேற்றை ஏற்றிய லாரிகள் ஒழுங்காக மூடாமல் ஊருக்குள் ஓடின. வழியில் சிந்தியது காய்ந்து தூசியாகப் பறந்தது. அந்த ஆண்டுகளில் கருவுற்றிருந்த சில தாய்மார்களின் குழந்தைகள் கை, கால் குறைபாடுகளோடு பிறந்தன. 2009இல் லண்டன் உயர் நீதிமன்றம், சீரமைப்பு வேலையில் நகர மன்றம் கவனக்குறைவாக இருந்தது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. கவனியுங்கள், ஆலை ஓடியபோது நடந்தது பற்றிய வழக்கு இல்லை இது. சுத்தம் செய்யப்போய் வந்த வினை. சக்கரம் கழுவும் தொட்டி, லாரிக்குத் தார்ப்பாய், தோண்டும் இடத்தில் நீர் தெளிப்பு, காற்று வீசும் பக்கத்து எல்லையில் தூசி அளக்கும் கருவி, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒரு ஆள். இவற்றை ஒப்பந்தத்திலேயே தனி வரிகளாக விலை போட்டு எழுதுங்கள். ‘ஒப்பந்தக்காரர் தேவையான நடவடிக்கை எடுப்பார்’ என்று பொதுவாக எழுதினால், விலையைக் குறைக்க முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

தரைக்குக் கீழிருந்து வரும் வாயு இன்னும் நுணுக்கமானது. கரைப்பான் ஆவியும் பென்சீன் ஆவியும் தரைத்தள விரிசல் வழியாக, குழாய் நுழையும் துளை வழியாக வீட்டுக்குள் ஏறும். குப்பையும் கட்டடக் கழிவும் போட்டு நிரப்பிய பள்ளம் ஏதாவது அங்கே இருந்தால் மீத்தேனும் சேர்ந்துகொள்ளும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் அது வெடிக்கக்கூடியது. இங்கிலாந்தின் லாஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச் 24 அன்று, மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் வாயு நிலத்தடி வழியாக நகர்ந்து அருகிலிருந்த ஒரு வீட்டைத் தரைமட்டமாக்கியது. உள்ளே இருந்த மூவர் காயங்களோடு தப்பினார்கள். அன்று சில மணி நேரத்தில் வளிமண்டல அழுத்தம் வேகமாக இறங்கியிருந்தது. மேலே அழுத்தம் குறைந்தால் கீழே அடைபட்ட வாயு வெளியே தள்ளப்படும். அதனால் தெளிவான நாளில் ஒரு முறை அளந்து ‘வாயு இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. அழுத்தம் இறங்கும் நாள்களையும் பிடித்துப் பல முறை அளக்க வேண்டும். இன்னொன்று, பரப்பு முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடினால் வாயு நின்றுவிடாது. மேலே வழி அடைபட்டதால் பக்கவாட்டில் ஓடும். உங்கள் கட்டடத்தைப் பாதுகாத்துவிட்டு அண்டை வீட்டுக்கு அனுப்பி வைத்ததாக ஆகிவிடக் கூடாது.

குடிநீர்க் குழாய் விஷயத்தில் நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் ஒரு பாடம். அங்கே 1970களில் கட்டிய வீடுகள் ரசாயனக் கழிவுப் பீப்பாய்கள் புதைந்த நிரப்பு மண்ணின் மேல் நின்றன. மண்ணில் இருந்த கரைப்பான்கள் பிளாஸ்டிக் குழாயின் சுவரையே ஊடுருவிக் குடிநீருக்குள் போயின. 1980இல் சுமார் 270 வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். உங்கள் எரிபொருள் கிடங்குப் பகுதியில் சாதாரண பாலிஎத்திலீன் குழாய் வேண்டவே வேண்டாம். நடுவில் அலுமினியப் படலம் உள்ள குழாயைப் போடுங்கள், அல்லது குழாய் போகும் பாதையையே மாற்றுங்கள். அதேபோல் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிகளையும் யோசித்து வையுங்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் மாசு மண்ணின் நடுவே அமைத்தால் ஒவ்வொரு மழையும் குரோமியத்தைக் கழுவி நிலத்தடி நீரில் சேர்க்கும்.

இதெல்லாம் படித்ததும் மொத்த மண்ணையும் அள்ளி வெளியேற்றிவிடலாம் என்று தோன்றும். சில இடங்களில் அதுவே சரி. ஆனால் ஆயிரக்கணக்கான லாரி நடை, தூசி, அள்ளிய மண் போய்ச் சேரும் இடத்தின் பொறுப்பு எல்லாம் அதோடு வரும். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காகப் பழைய தொழிற்பேட்டை நிலத்தைச் சீரமைத்தபோது, தோண்டிய மண்ணை அங்கேயே கழுவியும் சலித்தும் சுத்தப்படுத்தி, 80 விழுக்காட்டுக்கு மேல் அதே இடத்தில் பயன்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கு அது கட்டுப்படியாகும். சின்ன மனைக்கு என் வழி வேறு: முதலில் கட்டட வரைபடத்தை மாற்றிப் பாருங்கள். மாசு அதிகமான பகுதியின் மேல் வண்டி நிறுத்துமிடமும் சாலையும், சுத்தமான பகுதியில் தோட்டமும் விளையாட்டுத் திடலும். தரைத்தளம் முழுவதையும் காற்றோட்டமான வண்டி நிறுத்துமிடமாக விட்டால், ஆவி வீட்டுக்குள் போவதற்கு முன் கலைந்துவிடும். நிலவறை வேண்டாம், தோண்டவும் வேண்டியிருக்கும், ஆவி தேங்கவும் இடம் கொடுக்கும். ஒரு கட்டடக் கலைஞரின் இரண்டு வார வேலை, நூறு லாரி மண்ணை மிச்சப்படுத்தும்.

அப்புறம் மிச்சத்துக்குச் சிகிச்சை. தொட்டி நின்ற இடத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். நீரில் உள்ள கரைப்பானுக்கு ஆக்சிகரணி (ஆக்சிஜனேற்றம் செய்து அதைச் சிதைக்கும் வேதிப்பொருள்) செலுத்தும் முறை பிரபலம். உங்கள் இடத்தில் யாராவது அதைச் சொன்னால் உடனே ‘குரோமியம் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். மண்ணில் அடங்கிக் கிடக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தை, அதே ஆக்சிகரணி ஆபத்தான ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும். நுண்ணுயிர்களை வைத்துக் கரைப்பானைச் சிதைக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசிக்கு முந்தைய படியில் வினைல் குளோரைடு உருவாகும். சரியான நுண்ணுயிர் இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அது ஆரம்பப் பொருளைவிட மோசமான புற்றுநோய்க் காரணி. ஆக முதல் பொருளின் அளவு குறைந்தது என்ற அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், கடைசிப் பொருளான எத்திலீன் வரை போனதா என்று பாருங்கள்.

இடித்த பழைய கட்டடத்தின் கான்கிரீட்டை நொறுக்கி நிரப்பு மண்ணாகப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். முலாம் பட்டறையின் தரை பல ஆண்டு குரோமிய அமிலத்தைக் குடித்த தரை. கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தால், நொறுக்கும்போது அதன் இழைகள் மண் முழுக்கக் கலந்துவிடும். இடிக்கும் முன்பே கல்நாரை நனைத்துத் தனியாகக் கழற்ற வேண்டும், தரைக் கான்கிரீட்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் ‘நல்ல மண்’ணையும் அப்படித்தான். வாங்கும் இடத்திலேயே சோதித்துவிட்டு, வந்திறங்கிய பிறகும் ஒருமுறை சோதியுங்கள்.

எவ்வளவு ஆய்ந்தாலும் தோண்டும்போது ஏதாவது கிளம்பும். புதைந்த டேங்க், நீல நிறத் திட்டு (சயனைடு இரும்போடு சேர்ந்த நிறம்), மஞ்சள் கசிவு, திடீரென்று ஒரு ரசாயன வாடை. இதை முதலில் பார்ப்பவர் பொக்லைன் ஓட்டுநர். என்ன நிறம், என்ன வாடை கண்டால் நிறுத்த வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே அவருக்குக் காட்டுங்கள். முகர்ந்து பார்த்து உறுதி செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வேலை நின்ற நேரத்துக்கு அவருடைய கூலி பிடிக்கப்படாது என்பதை எழுத்தில் கொடுங்கள். கூலி போகும் என்றால் யாருமே நிறுத்த மாட்டார்கள். அடுத்த வாளி மண்ணில் அது மூடப்பட்டுவிடும். இந்த எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு தொகையும், கால அட்டவணையில் சில வாரங்களும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

தோண்டி எடுத்த குழியை நிரப்பும் முன் அதன் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகே மூட வேண்டும். மூடிய பின் யார் சத்தியம் செய்தாலும் அது சான்றாகாது. ஆவித் தடுப்பு விரிப்பு போட்டால் அதற்குத் தனி ஆய்வு வேண்டும். விரிப்பு தானாகக் கெடுவது குறைவு, அதற்குப் பின் வரும் குழாய் ஆள் ஒரு துளை போட்டுவிட்டுப் போவதுதான் அதிகம். நீரை இறைத்துச் சுத்தம் செய்திருந்தால், இறைப்பதை நிறுத்திய பிறகு மாசு மீண்டும் ஏறுகிறதா என்று எல்லாப் பருவங்களும் ஒரு சுற்று வரும் வரையாவது கிணறுகளைப் பாருங்கள். மண் துகள்களிலிருந்து மெதுவாகக் கசிந்து பழைய அளவுக்கே திரும்பிய இடங்கள் நிறைய.

கடைசியாக, கீழே எதையாவது விட்டுவைத்து மேலே மூடுகிறீர்கள் என்றால், அது நாளை தோண்டப்போகிறவருக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற பாதி வெட்டிய கால்வாயில் 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன நிறுவனம் சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி, களிமண்ணால் மூடி, ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் விற்றது. உள்ளே ரசாயனம் இருக்கிறது என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அங்கே பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியவர்கள் களிமண் மூடியையும் சுவரையும் வெட்டிவிட்டார்கள். 1978இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எச்சரிக்கை பத்திரத்தில் இருந்தது, கடப்பாரை பிடித்தவர் பத்திரத்தைப் படித்திருக்கவில்லை.

அதனால் நில ஆவணத்தில் நிபந்தனை பதிவதோடு நிறுத்தாதீர்கள். சுத்தமான மேல் மண்ணுக்கும் கீழிருக்கும் மாசு மண்ணுக்கும் நடுவே பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலை ஒன்றை விரியுங்கள். இருபது ஆண்டு கழித்து மண்வெட்டி பட்டதும் கண்ணில் படும். எந்த ஆழத்தில், எந்த எல்லைக்குள் அது கிடக்கிறது என்ற வரைபடத்தைக் குடியிருப்போர் சங்கத்திடமும் பராமரிப்பு ஆளிடமும் கொடுங்கள். ஒரு பிரதியை மோட்டார் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிடுங்கள். உடைந்த குழாயைச் சரிசெய்ய வருகிறவர் முதலில் அந்த அறைக்குத்தான் போவார்.